சைக்கிள்ல புகையும் இல்ல, சத்தமும் இல்ல, அப்புறம் ஏன் ஈரநிலத்துல பாதி பாதையை மூடி வைக்கறாங்க?

சைக்கிள்ல மூட்டை கட்டிக்கிட்டு நாள்கணக்கா டூர் போறவங்க எந்த இயற்கைக் காப்பகத்துக்குப் போனாலும் வாசல்லயே ஒரு குழப்பம் வரும். மேப்புல ரெண்டு பாதை பக்கத்துல பக்கத்துல ஓடும், ஒண்ணுல சைக்கிள் படம் இருக்கும், இன்னொண்ணுல அதே படத்து மேல சிவப்புக் கோடு. போன தடவை திறந்திருந்த பாதை இந்தத் தடவை சங்கிலி போட்டு மூடியிருக்கும். சைக்கிள் என்ன புகையா விடுது, ஹாரன் அடிக்குதா, நடக்கறவங்கள விடறாங்க, நம்மள மட்டும் ஏன் தடுக்கறாங்கன்னு கேள்வி வரும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனா பதில் புகையிலயோ சத்தத்துலயோ இல்ல. அந்த மண்ணு எவ்வளவு பாரம் தாங்கும், தண்ணி எந்தப் பக்கம் போகணும், அங்க வாழற பறவையும் தவளையும் எந்த மாசம் என்ன பண்ணிக்கிட்டிருக்கும், இதுலதான் பதில் இருக்கு. இது புரிஞ்சுட்டா போர்டு வைக்காத இடத்துல கூட எங்க ஓட்டலாம், எங்க இறங்கித் தள்ளணும், எங்க திரும்பிடணும்னு நமக்கே தெரியும்.

## முதல்ல ரெண்டு வார்த்தை: ஈரநிலம், காப்பகம்

ஈரநிலம்னா சும்மா தண்ணி தேங்கற பள்ளம்னு நினைச்சுடக் கூடாது. 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி ஈரான்ல ராம்சார்ங்கற ஊர்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, உலகம் பூரா இதுக்கு அதுதான் அடிப்படை. சதுப்பு, ஏரி, ஆறு, மனுஷன் வெட்டுன குளம், அவ்வளவு ஏன், கடல் வத்துற நேரத்துல 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டாத கடலோரத் தண்ணி வரைக்கும் அதுல ஈரநிலக் கணக்குல வருது. சைக்கிள்ல போறவங்க இதுல மூணு வகையை அடையாளம் கண்டுக்கிட்டா போதும்.

1. புல் சதுப்பு. நாணலும் கோரையும் நிக்கற இடம், அடியில பெரும்பாலும் களிமண்ணோ வண்டலோ இருக்கும். காஞ்சா கெட்டியாகும், நனைஞ்சா டயர்ல அப்பிக்கிட்டு மட்கார்டுக்குள்ள போய் அடைச்சுக்கும், சக்கரமே சுத்தாது.

2. மரச் சதுப்பு. மரம் நிக்கறதே தண்ணியிலதான். வேர் மேலாக்க பரவியிருக்கும், அது மேல சக்கரம் ஏறி இறங்கினா பட்டை உரியும், உரிஞ்ச இடத்துல பூஞ்சை உள்ள போகும்.

3. பீட் நிலம். செத்துப்போன செடி தண்ணிக்குள்ள காத்து படாம, முழுசா மக்கவும் முடியாம, அடுக்கடுக்கா சேர்ந்து ஆயிரக்கணக்கான வருஷத்துல உண்டான மண்ணு. காலை வெச்சா பஞ்சு மாதிரி அமுங்கும், மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் கீழ பெரும்பகுதி தண்ணிதான்.

மூணுலயும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டியது பீட்தான். பூமியோட நிலப்பரப்புல சுமார் 3 சதவீதம்தான் இது, ஆனா உலகத்துக் காடு எல்லாம் சேர்ந்து பிடிச்சு வெச்சிருக்கற கார்பனை விட இதுக்குள்ள அதிகம் இருக்கு. வளர்ற வேகம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அப்படின்னா ஒரு சக்கரம் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிழிச்சுட்டுப் போனா அது கிழிச்சது 50 வருஷத்துப் படிவம்.

அடுத்தது காப்பகம். இந்த ஒரே வார்த்தையை எல்லாத்துக்கும் போட்டுடறாங்க, குழப்பத்துல பாதி இங்கதான் ஆரம்பிக்குது. ஐயுசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பாதுகாக்கப்பட்ட இடங்களை ஆறு வகையாப் பிரிச்சிருக்கு. அதுல 1ஏ-ங்கற கண்டிப்பான காப்பகத்துல ஆராய்ச்சிக்கும் கண்காணிப்புக்கும் தவிர மத்தவங்க உள்ள போறதே கஷ்டம், ஆறாவது வகையில ஜனங்க அங்கயே பிழைப்பு நடத்தலாம். போர்டுல ரெண்டுக்கும் காப்பகம்னுதான் இருக்கும்.

சில இடத்துல மண்ணு பாதைன்னு எதையும் பார்க்காம சட்டமே சைக்கிளைத் தடுக்குது. அமெரிக்காவுல 1964-ல வந்த வனாந்தரச் சட்டம் 'மெக்கானிக்கல் போக்குவரத்து' கூடாதுன்னு சொல்லுச்சு, அதுல சைக்கிள் வருமா வராதான்னு ரொம்ப நாள் இழுபறி, கடைசியில 1984-ல வனத்துறை தன்னோட விதியில சைக்கிளும் கூடாதுன்னு பேரைச் சொல்லியே எழுதிடுச்சு. அந்த மாதிரி இடத்துல பாதை பாறை மாதிரி கெட்டியா இருந்தாலும் ஓட்டக் கூடாது. அதனால போர்டைப் பார்த்ததும் இது சட்டத்தால வந்த தடையா, மண்ணாலயும் பருவத்தாலயும் வந்த தடையான்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. ரெண்டாவது வகைன்னா பருவம் மாறினா திறக்கும்.

## மண்ணு தாங்குமா: சக்கரத்துக்கு அடியில என்ன நடக்குது

இங்கதான் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கணும். ஓட்டறவர் 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மூட்டை 20 கிலோ, மொத்தம் 105 கிலோன்னு வெச்சுக்கலாம். டயர் தரையை அழுத்தற அழுத்தம் ஏறக்குறைய டயருக்குள்ள இருக்கற காத்தழுத்தத்துக்குச் சமம். 1 பார்னா சுமாரா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. அப்போ 4 பார் காத்து அடிச்சிருந்தா ரெண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடறது 26 சதுர சென்டிமீட்டர்தான், ஒரு தீப்பெட்டி மேல்பக்கத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். மூட்டை முக்காவாசி பின் கேரியர்லதான் தொங்கும்ங்கறதால பின் சக்கரத்துக்குப் பங்கு இன்னும் கூட. காத்தை 2.5 பாருக்கு இறக்கினா தொடற பரப்பு 42 ஆகும், அழுத்தமும் அந்த அளவுக்குக் குறையும். அகலமான டயர் போட்டாத்தான் அப்படி இறக்க முடியும், ஒல்லி டயர்ல இறக்கினா ரிம் அடிவாங்கி டியூப் கிழியும்.

இதே நடக்கறவரை எடுத்துக்குவோம். 80 கிலோ ஆள், ஒத்தக் கால்ல நிக்கும்போது ஷூவோட அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர்னு வெச்சா சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோதான் வருது. குதிகால் ஊணும்போதும் விரல்ல தள்ளும்போதும் கூடும், இருந்தாலும் சக்கரத்தை விடக் குறைவு.

இதை வெச்சு சைக்கிள்தான் குத்தவாளின்னு முடிவு கட்டினா தப்பு. 1994-ல அமெரிக்காவோட மொன்டானா மாநிலத்துல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. நடக்கறவங்க, குதிரை, மோட்டார் பைக், சைக்கிள் நாலையும் காட்டுப் பாதையில ஓட விட்டு, அதுக்கப்புறம் எவ்வளவு மண்ணு கரைஞ்சு வருதுன்னு பார்த்தாங்க. மண்ணை அதிகமா பேர்த்து விட்டது குதிரைக் குளம்பும் மனுஷக் காலும்தான், சக்கரம் இல்ல. காலு ஒவ்வொரு தடவையும் மண்ணைக் குத்திப் பேர்த்து எடுக்குது, சக்கரம் உருண்டு போகுது. காஞ்ச சமதரையில சைக்கிளுக்கும் நடைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாதுன்னு தைரியமாச் சொல்லலாம்.

அப்ப ஈரநிலத்துல மட்டும் ஏன் வேற கதை? விஷயம் கோட்டுல இருக்கு. கால் தடம் தனித்தனிக் குழி, ஒரு குழியில நிக்கற தண்ணி அடுத்த குழிக்குப் போகாது. சக்கரத் தடம் ஒரே நீளக் கோடு, மழை பெஞ்ச உடனே அது ஒரு குட்டி வாய்க்கால் ஆயிடுது. லேசான சரிவு இருந்தாலும் தண்ணி அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடும், ஓடற தண்ணி இன்னும் ஆழமாத் தோண்டும், அடுத்து வர்ற சைக்கிள் அதே தடத்துல விழும். பீட் நிலத்துல இந்த வாய்க்கால் வழியா தண்ணி வடிஞ்சுட்டா ரெண்டு பக்கத்துலயும் பீட் காய ஆரம்பிக்கும், காஞ்ச இடத்துல காத்து புகுந்து ஆயிரம் வருஷமா மக்காம இருந்தது மக்கிக் கரியமில வாயுவா வெளிய போகும். நம்ம கண்ணுக்குத் தெரியறது ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு மட்டும்தான், அதுக்குள்ள கொஞ்சம் பழுப்புத் தண்ணி.

இன்னொரு சேதமும் இருக்கு, இது நல்ல மனசோட செய்யறது. பாதை நடுவுல குட்டை நிக்குதுன்னு ஓரமாச் சுத்திப் போறது. முதல் ஆள் ஓரப் புல்லை மிதிக்கறாரு, அது சேறாகுது, அடுத்த ஆள் இன்னும் ஒரு முழம் தள்ளிப் போறாரு, ஒரு மழைக்காலம் முடியறதுக்குள்ள ஒத்தையடிப் பாதை வண்டிப்பாதை அகலத்துக்கு வந்துடும். அடித்தளம் கெட்டியா இருக்கற பாதையில குட்டைக்கு நடுவுலயே போறதுதான் சரி, கால் நனையும், பரவாயில்ல. ஆனா பின்னால திரும்பிப் பார்க்கும்போது நம்ம டயர் தடம் பள்ளமா விழுந்திருந்தா அந்தப் பாதை இன்னிக்கு நம்மளத் தாங்காதுன்னு அர்த்தம், திரும்பிடணும். மூட்டையோட வந்துட்டோமே, இத்தனை கிலோமீட்டர் ஆச்சேன்னு யோசிக்கறது இயல்புதான், ஆனா அந்த மண்ணுக்கு நம்ம கிலோமீட்டர் கணக்கு தெரியாது.

## தண்ணி எந்தப் பக்கம் போகணும்: பாதையே அணையாகற கதை

ஈரநிலத்துக்குள்ள நல்லா ஓட்டக்கூடிய பாதை இருந்தா, அதுல பெரும்பாலானது சைக்கிளுக்காகப் போட்டதே இல்ல. வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரை, குளத்து வரப்பு, பழைய ரயில் தடம், எப்பவோ எதையோ தேடிப் போட்ட ரோடு, இப்படி ஏற்கெனவே மண்ணு கொட்டிக் கெட்டியாக்கின மேடுதான் பின்னால சைக்கிள் பாதையா மாறுது. அதனாலதான் அதுல ஓட்டலாம், பக்கத்துல 50 மீட்டர் தள்ளி இருக்கற ஒத்தையடியில ஓட்டக் கூடாது.

ராஜஸ்தான்ல பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்கா இதுக்கு நல்ல உதாரணம். சுமார் 29 சதுர கிலோமீட்டர், 1981-ல ராம்சார் பட்டியல்லயும் 1985-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்த இடம். அங்க சைக்கிள்லயும் சைக்கிள் ரிக்‌ஷாவுலயும்தான் முக்காவாசிப் பேர் சுத்தறாங்க. தண்ணிப் பரப்பைப் பிரிக்கற கரைங்க மேலதான் பாதை ஓடுது, ரெண்டு பக்கமும் பறவை.

ஆனா இதே மேட்டுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. மேடு போட்டா தண்ணி நிக்கும், ஒரு பக்கம் முங்கும், மறுபக்கம் காயும். அமெரிக்காவுல ஃபுளோரிடாவோட எவர்கிளேட்ஸ் ஈரநிலத்தை அறுத்துக்கிட்டு 1928-ல டாமியாமி டிரெயில்ங்கற ரோடு போட்டாங்க. வடக்குல இருந்து தெற்கே மெதுவா, அகலமா நகர்ந்துக்கிட்டிருந்த தண்ணிக்கு அது அணை மாதிரி ஆயிடுச்சு. சரிபண்ணறதுக்கு ரோட்டையே தூக்கிப் பாலமாக்க வேண்டி வந்துச்சு, 2013-ல ஒரு மைல் நீளத்துக்கு முதல் பாலம் முடிஞ்சுது. அதே ரோட்டுல இருந்து பிரியறதுதான் ஷார்க் வேலிங்கற புகழ்பெத்த சைக்கிள் பாதை, 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர் சுத்து, தார் போட்டது, அதோட ஒரு பகுதி எண்ணெய் தேடிப் போனவங்க விட்டுட்டுப் போன ரோடு. அதுல முதலைங்க பாதையிலயே வெயில் காயப் படுத்திருக்கும், குறைஞ்சது 15 அடி தள்ளி இருக்கணும்னு விதி.

அதனால இப்பப் புதுசா பாதை போடறவங்க முதல்ல பார்க்கறது அடியில தண்ணி போக வழி இருக்கான்னுதான். நம்ம ஓட்டும்போது ரோட்டுக்கு அடியில குழாய்ப் பாலம் எத்தனை வருதுன்னு எண்ணிப் பாருங்க, ரெண்டு பக்கமும் தண்ணி மட்டம் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் நாணல் பச்சையாவும் இன்னொரு பக்கம் முள்ளுப் புதரும் இருந்தா அந்தப் பாதை தண்ணியைத் தடுக்குதான்னு சந்தேகப்படணும்.

இதுல துணிஞ்சு வேற வழியில யோசிச்சவங்க பெல்ஜியத்துல லிம்பர்க் மாகாணத்துக்காரங்க. 2016-ல போக்ரைக் பக்கத்துல ஒரு குளத்தை நடுவுல வகுந்து 212 மீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை திறந்தாங்க, பாதை தண்ணி மட்டத்தை விடக் கீழ ஓடுது, ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், ஓட்டறவங்க கண்ணு நேருக்குத் தண்ணி, அன்னம் நீந்தினா முகத்துக்குப் பக்கத்துல போகும். 2019-ல அதே மாகாணத்துல பைன் காட்டுக்குள்ள 700 மீட்டருக்கு வட்டமா ஒரு பாலம் கட்டினாங்க, தரையில இருந்து 10 மீட்டர் உயரம் வரைக்கும் மெல்ல ஏறி மரக்கிளைக்கு நடுவுல போகும். கான்கிரீட்டையும் இரும்பையும் இயற்கைக்குள்ள கொண்டு போறதான்னு முணுமுணுக்கறவங்க இருப்பாங்க. என் கணக்குல இது நல்ல வேலை, ஏன்னா அந்தக் குளங்களே மீன் வளர்க்க மனுஷன் வெட்டுனது, தொடாத பீட் நிலத்துல யாரும் இதைச் செய்யல. கூட்டத்தை ஒரு கோட்டுல பிடிச்சு வெச்சா மத்த இடம் தப்பிக்கும்.

நம்பர் போட்ட சந்திப்புகளை வெச்சு வழி பிடிக்கற முறையும் இதே லிம்பர்க்ல 1995-ல பொறந்ததுதான். சுரங்க எஞ்சினியரா இருந்த ஹ்யூகோ போலென் யோசனை அது. 23-ல இருந்து 41-க்கு, அங்கேருந்து 60-க்குன்னு சந்திப்பு நம்பரைக் குறிச்சுக்கிட்டாப் போதும், மேப்பை விரிக்க வேண்டாம். நம்பர் இல்லாத பாதைப் பக்கம் பெரும்பாலும் யாரும் போறதில்ல, வழி தவறி சதுப்புக்குள்ள இறங்கறதும் குறையும்.

## உயிரினம் பயப்படுமா: சத்தமில்லாதது எப்பவும் நல்லதில்ல

பறவை விஷயத்துல ஒரு அளவுகோல் இருக்கு, நம்ம எவ்வளவு கிட்ட வந்தா அது பறந்துடுமோ அந்தத் தூரம். எல்லாப் பறவைக்கும் ஒரே அளவு கிடையாது. பொதுவா உடம்பு பெருசான பறவை தூரத்துலயே கிளம்பிடும், வேட்டையாடற பகுதியில இன்னும் தூரத்துலயே. பறக்கறதுக்கு முன்னாலயே ஒரு கட்டம் இருக்கு: மேயறதை நிறுத்திட்டு தலையைத் தூக்கிப் பார்க்கும், கழுத்து நீளும். அந்த நேரத்துலயே அது சாப்பிடறது நின்னு போச்சு, நம்மளால அதுக்கு நஷ்டம் ஆரம்பிச்சாச்சு.

இதுல சைக்கிளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பக்கவாட்டுல ஒரே வேகத்துல கடந்து போறதைப் பறவைங்க ஓரளவு சகிச்சுக்கும். நின்னு, இறங்கி, கேமராவை எடுத்து, அதை நோக்கி ரெண்டு அடி வெச்சோம்னா அதோட கணக்கே மாறிடுது. அதனால பார்க்கணும்னா மறைவிடம் கட்டியிருக்கற இடத்துல நில்லுங்க, மத்த இடத்துல உருட்டிக்கிட்டே போங்க.

கூடு கட்டற காலத்துல மூடறதுக்குக் காரணம் இன்னும் நேரடியானது. தரையில முட்டை போடற பறவைங்களுக்குக் கூடுன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இருக்காது, சரளைக்கு நடுவுல ஒரு சின்னக் குழி, முட்டையும் சரளை நிறத்துலயே புள்ளி போட்டு இருக்கும், சக்கரத்துக்கு ஒரு சாண் பக்கத்துல இருந்தாலும் தெரியாது. தாய் எழுந்து போய் பத்து நிமிஷம் வரலைன்னா வெயில் நாள்ல முட்டை வெந்துடும், குளிர் நாள்ல ஆறிடும், இதையே பார்த்துக்கிட்டிருக்கற காக்கா வந்து தூக்கிக்கும். ஒரு நாளைக்கு ஒரு சைக்கிள் போனா தப்பிக்கலாம், அரை மணிக்கு ஒண்ணு போனா அந்த வருஷம் அங்க குஞ்சு பொரிக்கறதே கஷ்டம்.

மூடறதுக்கு இன்னொரு காரணம் இடம்பெயர்றது. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல ஷானி தேசியக் காட்டுல ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் சதுப்பு, நடுவுல சுமார் 4 கிலோமீட்டர் ரோடு. குளிர்காலத்துல பாம்பும் தவளையும் பாறை இடுக்குல இருக்கும், கோடையில சதுப்புக்குப் போகும். அதனால 1972-ல இருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை, மார்ச் 15-ல இருந்து மே 15 வரைக்கும், செப்டம்பர் 1-ல இருந்து அக்டோபர் 30 வரைக்கும், வாகனத்துக்கு அந்த ரோட்டை மூடறாங்க, நடந்து போகலாம். மழை விட்ட சாயங்காலம் எந்தச் சதுப்போரப் பாதையில ஓட்டினாலும் இதையே சின்ன அளவுல பார்க்கலாம்: ஈரத் தார்ல இலை மாதிரி கிடக்கறது பாதி இலை, பாதி தவளை, ஹெட்லைட் வெளிச்சம் பட்டதும் சில இலை மட்டும் குதிக்கும். அந்த நேரத்துல இறங்கித் தள்ளறதைத் தவிர வேற வழி இல்ல.

காட்டுக்குள்ள பெரிய மிருகம் இருந்தா சைக்கிளோட அமைதியே ஆபத்து. நடக்கறவங்க பேச்சுச் சத்தம் முன்னாடியே போயிடும், சைக்கிள் சத்தமில்லாம வேகமா வளைவுல திரும்பும். 2016-ல மொன்டானாவுல கிளேசியர் தேசியப் பூங்கா பக்கத்துல ஒருத்தர் சைக்கிள்ல வேகமா வந்து மறைவான வளைவுல கிரிஸ்லி கரடி மேலயே மோதி, அது தாக்கினதுல இறந்துட்டாரு. கரடியைப் பார்த்ததுக்கும் மோதினதுக்கும் நடுவுல 1-2 நொடிதான் இருந்திருக்கும்னு விசாரணைக் குழு சொல்லுச்சு. மணி அடிக்கறது, பேசிக்கிட்டே போறது, வளைவுக்கு முன்னாடி வேகத்தைக் குறைக்கறது, இதெல்லாம் நமக்கும் அதுக்கும் சேர்த்துத்தான்.

## பலகைப் பாதையும் பேட்டரி சைக்கிளும்

தண்ணி மேல தூண் நட்டுப் பலகை அடிச்ச பாதையில பெரும்பாலும் சைக்கிளை விட மாட்டாங்க. அகலம் பத்தாது, எதிர்ல சக்கர நாற்காலி வந்தா ஒதுங்க இடம் இருக்காது. விடற இடத்துல ஒண்ணு கவனிங்க: பலகை நம்ம போற திசைக்குக் குறுக்கா இருந்தா நல்லது, நீளவாக்குல இருந்தா இடைவெளியில டயர் மாட்டும். மரத்து மேல பாசி பிடிச்சு நனைஞ்சிருந்தா ஐஸ் மாதிரி வழுக்கும், அங்க பிரேக்கைத் தொடாம, ஹேண்டில்பாரைத் திருப்பாம நேரா உருட்டிக்கிட்டுப் போகணும். முன்பிரேக் பிடிச்சா அவ்வளவுதான்.

பேட்டரி சைக்கிள் விதி நாட்டுக்கு நாடு வேற. ஐரோப்பிய ஒன்றியத்துல 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர்ல மோட்டார் உதவி நின்னுடணும், பெடல் பண்ணினாத்தான் ஓடணும், இதுக்குள்ள இருந்தா சாதா சைக்கிள் கணக்கு. அமெரிக்காவுல 2019-ல உள்துறை ஒரு உத்தரவு போட்டு தேசியப் பூங்கா மாதிரி நிலங்கள்ல இதுக்குக் கதவைத் திறந்துச்சு, ஆனா எந்தப் பாதைங்கறதை அந்தந்த இடம்தான் முடிவு பண்ணும்.

## கிளம்பறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

1. மூடற தேதி. காப்பகத்தோட சொந்த அறிவிப்பைப் பாருங்க, ஃபோன் மேப் பருவத்தைக் காட்டாது.
2. வேகம். தார்ல மணிக்கு 18 கிலோமீட்டர் போறவங்க மணல் கலந்த காட்டுப் பாதையில 10-12 தான் போவாங்க. இருட்டறதுக்கு முன்னாடி வெளிய வர்ற மாதிரி கணக்குப் போடுங்க, உள்ள கூடாரம் போட அனுமதி ரொம்ப அபூர்வம்.
3. உண்ணி. காட்டோரப் புல்லுல உரசிட்டு வந்தா அன்னிக்கு ராத்திரியே உடம்பைத் தேடிப் பாருங்க, ஒட்டியிருந்தா தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுத்து எடுக்கணும்.
4. தண்ணி. சுத்திலும் தண்ணியா இருக்குன்னு பாட்டிலைக் குறைச்சுடாதீங்க, அது குடிக்கற தண்ணி இல்ல.

## கடைசியா சேறு

இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. டூரிங் சைக்கிள் ஒரு காப்பகத்துல இருந்து அடுத்த காப்பகத்துக்கு நேரா போகுது, அதோட டயர் இடுக்குல முதல் இடத்துச் சேறும் போகுது. அதுல விதை இருக்கும், கிருமி இருக்கும். நியூசிலாந்துல கௌரிங்கற மாபெரும் மரங்களை ஃபைட்டாஃப்தோரா வகைக் கிருமி வேர்லயே கொல்லுது, மண்ணு வழியா பரவுது, அதனால 2018-ல ஆக்லாந்து பக்கத்து வைடாக்கெரே மலைக்காட்டையே மூடினாங்க, அப்புறம் பாதையைக் கெட்டியாக்கி, கழுவற நிலையம் வெச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் திறந்தாங்க. தவளைங்களைக் கொல்ற கைட்ரிட் பூஞ்சை இன்னும் பெரிய கதை, குறைஞ்சது 500 வகை இருவாழ்விகளோட எண்ணிக்கை அதனால சரிஞ்சிருக்குன்னு 2019-ல கணக்கிட்டாங்க. அது ஈரத்துல உயிரோட இருக்கும், நல்லாக் காஞ்சா செத்துடும்.

அதனால வெளிய வந்ததும் வாசல்லயே, உள்ள ஓடற வாய்க்கால்ல இல்ல, பிரஷ்ஷால முதல்ல காஞ்ச சேறைத் தட்டுங்க. டயர் பட்டன் இடுக்கு, மட்கார்டுக்கு உள்பக்கம், பெடல், பை அடிப்பக்கம், ஷூ அடி, இந்த அஞ்சு இடத்துலதான் அதிகம் இருக்கும். அப்புறம் தண்ணி விட்டுக் கழுவி, அடுத்த காப்பகத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி வெயில்ல முழுசாக் காய விடுங்க. மட்கார்டு உள்பக்கத்தைக் கையை விட்டுத் தொட்டுப் பாருங்க, வெளிய காஞ்ச மாதிரி இருந்தாலும் அங்க ஈரம் ரொம்ப நேரம் நிக்கும்.